ஏரிக்கடியில் போன ஊரைப் பழைய டோப்போ ஷீட்டில் தேடுவது எப்படி

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா சமவெளியில் ஃபோர்ட் பெர்த்தோல்ட் என்று ஒரு ரிசர்வேஷன், அதாவது பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலப்பகுதி இருக்கிறது. மண்டான், ஹிடாட்சா, அரிக்காரா மக்களின் நிலம். மிசூரி ஆற்றில் கேரிசன் அணையை 1953-ல் அடைத்தார்கள், அவர்களுடைய முக்கிய ஊரான எல்போவுட்ஸ் தண்ணீருக்குள் போய்விட்டது. இன்றைய மேப்பில் அங்கே வெறும் நீலம்தான்.

முதலில் டோப்போ ஷீட் வேண்டும், அதாவது மேடு பள்ளத்தையும் காட்டும் நில வரைபடம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் டோப்போவியூ தளத்தில் பழைய ஷீட்டுகள் இலவசம். இடக் குறிப்பும் சேர்ந்த படமான ஜியோடிஃப் கோப்பாக எடுங்கள், கியூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளில் போட்டால் சரியான இடத்தில் தானே போய் உட்காரும்.

அப்புறம் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரே ஷீட்டில் அளந்த வருடம் ஒன்று, அச்சிட்ட வருடம் இன்னொன்று இருக்கும், நமக்கு வேண்டியது அளந்த வருடம். ஊதா நிறத்தில் இருப்பவை பின்னாளில் விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்தவை.

இனிதான் சுவாரசியம். அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரி நிரம்பினால் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 அடி. அணைக்கு முந்தைய ஷீட் கிடைத்தால், பழுப்புச் சம உயரக் கோடுகளில் 1,850-ஐப் பிடித்து அதன் மேலேயே வரைந்துகொண்டு போங்கள், ஏரியின் கரை கிட்டத்தட்ட அப்படியே வந்துவிடும். கோடுகள் 20 அடி இடைவெளியில் இருந்தால் 1,850 என்று தனிக்கோடு இருக்காது, 1,840-க்கும் 1,860-க்கும் நடுவே கண்ணளவாகப் போடவேண்டியதுதான். கோட்டுக்குள் விழும் சின்னக் கறுப்புச் சதுரங்கள் எல்லாம் வீடுகள், எண்ணிப் பாருங்கள்.

நிலத்தை அளந்து பிரித்த ஒரு மைல் சதுரக் கட்டங்கள் தெரிந்தால் அவை செக்‌ஷன்கள், 36 சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். எண் வடகிழக்கு மூலையில் 1-ல் தொடங்கி மேற்கே போய், ஏர் மடக்கி உழுவதுபோல அடுத்த வரிசையில் திரும்பி வரும். 1887 டாஸ் சட்டப்படி பூர்வகுடிகளுக்கு நிலத்தைத் துண்டுபோட்டுக் கொடுத்ததும் இந்தக் கட்டங்களை வைத்துத்தான், குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்றால் கால் செக்‌ஷன். ஆனால் ரிசர்வேஷன் எல்லைக்குள் இருப்பதெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், யாருக்குச் சொந்தம் என்பதை இந்த மேப் சொல்லாது.

பெயரை மட்டும் நம்பித் தேடினாலும் ஏமாறுவீர்கள். ஃபோர் பேர்ஸ் பாலம் முதலில் எல்போவுட்ஸில்தான் இருந்தது. வெள்ளம் வருமுன் அதன் நடுப்பகுதியைக் கழற்றிக் கொண்டுபோய் நியூ டவுன் என்ற ஊர் அருகே மாட்டினார்கள், 2005-ல் அதுவும் போய் அதே பெயரில் புதுப் பாலம் வந்தது.