கண்ணிவெடி விழிப்புணர்வு: தெருவில் இறங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 4, ஐ.நா. அறிவித்த கண்ணிவெடி விழிப்புணர்வு நாள். அன்று காரைக்குடிப் பக்கம் தெருவில் ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது ஒன்றுதான். வெடிச் சத்தம் வைக்காதீர்கள்.

நாங்கள் வைத்தோம். பேருந்து நிலையம் அருகே ஒரு பாய், அடியில் ஸ்பீக்கர். மிதித்தவர்கள் துள்ளிக் குதித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த கத்தரிக்காய்ப் பை விழுந்தது. குனிந்து தன் காலடியைப் பார்த்துக்கொண்டே, வந்த தடத்தில் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்தார். கிளிநொச்சிக்காரர், இப்போது முகாமில் இருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. சிவகங்கை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பது எங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் யோசிக்கவில்லை. பார்க்க வருகிறவர்களில் பட்டவர்களும் இருப்பார்கள்.

அடுத்த தவறு, சினிமாவில் பார்த்ததை வரைவது. திரி வைத்த கறுப்புக் குண்டை வரைந்துவிட்டு, 'காலை எடுத்தால்தான் வெடிக்கும்' என்று நடித்துக் காட்டுகிறார்கள். பெரும்பாலான மிதிவெடிகள் (ஈழத்தில் அதுதான் பேச்சு வழக்கு) மிதித்த நொடியே வெடித்துவிடும். இலங்கையில் அதிகம் கிடைத்த ஒரு வகை, கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. இன்னொன்று சாதாரண மரப்பெட்டி மாதிரி இருக்கும். பிள்ளைகள் எடுத்து விளையாடுவது அதனால்தான்.

வெளியூர் யோசனையை அப்படியே இறக்குவதும் சரிவராது. பாரிஸில் 1995 முதல் காலணிகளை மலையாகக் குவித்துக் கண்ணிவெடிக்கு எதிராகக் குரல் கொடுக்கிறார்கள். அங்கே அது ஆளை நிறுத்தும். பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் தினமும் செருப்புக் குவியலைப் பார்க்கிற நாம் நிற்போமா? ஒற்றைச் செருப்பாக, எல்லாமே இடது கால், வரிசையாக வைத்துப் பாருங்கள். ஜோடியைத் தேடிக் கண் தானாக அலையும்.

காலிழந்தவர் படத்தைப் போட்டு உண்டியல் குலுக்குவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இலங்கையின் வடக்கே முகமாலையில் மண்டியிட்டு மண்ணைச் சுரண்டி வெடியை எடுத்தவர்களில் போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் உண்டு. அவர்கள் வேலையைக் காட்டுங்கள். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017-இல் சேர்ந்தது, இந்தியா இன்னும் சேரவில்லை என்பதையும் துண்டறிக்கையில் போடுங்கள்.

காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்காமல் எதையும் வைக்காதீர்கள். கேட்பாரற்ற பெட்டி, வயர் எதுவும் கூடவே கூடாது.

அடுத்த வருடம் அந்த அம்மாவிடமே போய்க் கேட்டோம். "சத்தம் வேண்டாம் தம்பி. கோலம் போட்டுக் கயிறு கட்டுங்கோ" என்றார். தெருவை அடைத்துப் பெரிய கோலம், நடுவே கயிறு கட்டிய ஒற்றையடி வழி. கோலத்தை மிதிக்கக் கூசும் கால்கள் நம் ஊர்க் கால்கள். ஆச்சிமார்கூடப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அந்தக் கயிற்றுக்குள்ளேயே நடந்து போனார்கள்.