சினையாக இருக்கலாம் எனத் தோன்றும் குதிரை மெலிந்தால்

வயிறு பெருத்து விலா எலும்பு தெரியும் குதிரையைப் பார்த்து, “வயிற்றுக் குட்டி சத்தை இழுக்கிறது” என்று விட்டுவிடாதீர்கள். சினைக்காலம் சுமார் 11 மாதம். முதல் ஏழு மாதங்களில் கருவுக்கென்று கூடுதல் தீனி அதிகம் தேவைப்படாது. அப்போது மெலிந்தால் காரணம் வேறு.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னே மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம், இரண்டும் செ.மீ.யில். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880 = தோராயமான கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். கண் ஏமாற்றும், ரோமம் அடர்ந்திருந்தால் இன்னும் மோசம்.

சினையை ஸ்கேனில் உறுதி செய்யுங்கள். இணை சேர்ந்த 14–16ஆம் நாளிலேயே தெரியும். இரட்டைக் கரு இருந்தால் அப்போதே கையாள வேண்டும், தாமதித்தால் தாய்க்கும் ஆபத்து.

அடுத்து வாய். மென்ற தீனி உருண்டையாகக் கீழே விழுந்தால் கடைவாய்ப்பல் கூர்மையாகி இருக்கும். லத்தியைப் பரிசோதித்துப் புழு முட்டை எண்ணிக்கை பாருங்கள். சினைக்கு ஏற்ற மருந்தை மருத்துவரே சொல்லட்டும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளிறிய ஈறு, கால் வீக்கம் இருந்தால் இரத்தப் பரிசோதனை உடனே வேண்டும்: நம் நாட்டில் ஈக்கள் பரப்பும் சர்ரா நோய் இப்படித்தான் உருக்கும், கருவையும் கலைக்கும்.

தீவனத்தில் முதலிடம் நார்த்தீனிக்கு (புல், உலர்புல்): உலர்நிலையில் தினமும் உடல் எடையில் 2%. 350 கிலோ குதிரைக்கு 7 கிலோ. அதில் குதிரைமசால் (லூசர்ன் எனும் தீவனப்பயிர்) கலந்தால் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் கூடும். கொள்ளு, ஓட்ஸை 10 நாட்களில் படிப்படியாக ஏற்றுங்கள். திடீரென்று கொட்டினால் வயிற்றுவலி, குளம்பழற்சி வரும்.