அயினிப் பலகையில் ஓர் எலக்ட்ரிக் கிட்டார்

வீட்டிலேயே கிட்டார் செய்வதென்றால் முதலில் மரம். பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) எந்தக் கம்பெனி, பெயிண்ட் என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. இடையிலும் கடற்காற்று ஓய்வதில்லை. காயாத பலகையில் வேலையைத் தொடங்கினால், மாசியில் நேராக இருந்த கிட்டார் ஆடியில் நெளிந்து நிற்கும்.

ஆல்டர் வேண்டும், ஸ்வாம்ப் ஆஷ் வேண்டும் என்று கேட்டு அலைய வேண்டாம். அமெரிக்காவில் அவை கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. அதனால் அவற்றில் செய்தார்கள். நமக்கு அயினி இருக்கிறது. வள்ளத்துக்கும் கதவு நிலைக்கும் நம் ஆசாரிமார் நம்பிய மரம் அது. ஈரத்துக்கு அதிகம் அசையாது, உளிக்கு இணங்கும். பலாவும் நல்லதுதான். தேக்கு என்றால், ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே பசை தடவுங்கள். அதன் எண்ணெய்ப் பசை ஒட்டவிடாது. குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் மலிவு. ஆனால் போரான் மருந்து ஏற்றாத ரப்பர் பலகையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வண்டு அதை மாவாக்கிவிடும். எந்த மரத்துக்கு எந்த நாதம் என்று இரவெல்லாம் வாதாடுகிறவர்களோடு நான் உட்காருவதில்லை. பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் உத்தரம் போதும், ஆணிகளை மட்டும் முழுக்கப் பிடுங்கிவிடுங்கள். குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து கிட்டார் செய்யத் தொடங்கியபோது, அதன் கழுத்துக்கு எடுத்தது குளிர்காயும் அடுப்பின் மேலிருந்த பழைய மகாகனிச் சட்டத்தை.

காய்ந்ததா என்று பார்க்க விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை. பலகையின் இரண்டு முனைகளிலும் பெயிண்ட் பூசி, அடியில் கட்டை கொடுத்து, மச்சில் காற்றோட்டமான இடத்தில் கிடத்துங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அதை அடைக்காவிட்டால் விண்டுவிடும். வாரம் ஒருமுறை பலசரக்குக் கடைத் தராசில் எடை போட்டு, பலகையிலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். பச்சைப் பலகை என்றால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பொறுமை இல்லாதவர்கள் பழைய மரம் வாங்குங்கள்.

கழுத்தை, அதாவது நெக்கை, முதல் கிட்டாருக்கு விலைக்கு வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். ஃப்ரெட் என்னும் குறுக்கு உலோகப் பட்டிகளுக்கான வெட்டுகள் கொஞ்சம் பிசகினாலும் சுருதி கெடும். உள்ளே ட்ரஸ் ராடு, அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு, வேறு பதிக்க வேண்டும். நெக்கைத் தனியாகச் செய்து உடலில் திருகாணியால் பொருத்தும் வழியைப் பரவலாக்கியவர் லியோ ஃபெண்டர். 1950இல் வந்த அவருடைய கிட்டார்தான் பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. அவர் ரேடியோ பழுது பார்த்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். நம் வீட்டுத் திண்ணையில் இந்த வேலை நடப்பது அந்த ரேடியோக்காரரின் புண்ணியத்தில்தான்.

உடலுக்கு 45 மில்லிமீட்டர் கனம் போதும். இரண்டு பலகைகளை ஒட்டுவதானால் ஒட்டும் வரியே நடுக்கோடாக அமையட்டும். இந்த நடுக்கோட்டை எந்தக் கட்டத்திலும் அழித்துவிடாதீர்கள். நெக் உட்காரும் குழி, பிக்அப் குழி, கம்பிகளை உடலில் தாங்கும் பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் அதுதான் சாட்சி. டெலிகாஸ்டர் வகை நெக்கின் அடிப்பகுதி சுமார் 25 மில்லிமீட்டர் கனம். குழியின் ஆழம் 16. எம்.டி.எஃப் பலகையில் அச்சு வெட்டி, ரவுட்டரை (மரத்தில் குழி குடையும் மின்கருவி) ஒரு தடவைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல் ஓட்டுங்கள். திருகாணி இல்லாமலேயே நெக்கைப் பிடித்துத் தூக்கினால் உடலும் கூடவே எழ வேண்டும். அந்த இறுக்கம் வந்தால் குழி சரி.

பிரிட்ஜ் எங்கே வரும்? நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெட்டுகள் உள்ள பட்டை) 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். 324 என்றால் 648 மில்லிமீட்டர். தடித்த கம்பிகளின் சாடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் நகரும் துண்டு) இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் போக இடம் விடுங்கள். துளையிடும் முன் ஒரு சோதனை உண்டு, இதைத் தவறவிடாதீர்கள். குளச்சல் பக்கம் வலை சாமான் கடையில் தங்கூசி நரம்பு (மீன்பிடி நைலான் இழை) வாங்கி, நட்டின் இரண்டு ஓர வெட்டுகளிலிருந்தும் பிரிட்ஜின் ஓரச் சாடில்கள் வரை இழுத்து ஒட்டுநாடாவால் நிறுத்துங்கள். பிரிட்ஜ் இன்னும் திருகப்படாமல் சும்மா கிடக்க வேண்டும். இப்போது நேர் மேலிருந்து பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு நரம்புகளுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக வரும்வரை பிரிட்ஜை நகர்த்தி, அதன் பிறகே ஆணித் துளைக்குப் புள்ளி வையுங்கள்.

திருகாணிகள் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கடலோரத்து முட்டத்திலோ மணக்குடியிலோ இருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழைநாளில் லாக்கர் என்னும் மெருகுப் பூச்சு அடித்தால் பால் சிந்தியதுபோல் வெளுத்துவிடும். வெயில் காயும் நாளுக்குக் காத்திருங்கள், அல்லது துணியால் தேய்க்கும் பாலியூரித்தேனுக்குப் போங்கள். நெக் குழிக்குள் எதையும் பூசாதீர்கள்.

பணத்தை மின்வேலையில் போடுங்கள். வாங்கிய மலிவு கிட்டாரை மாற்றியமைப்பவருக்கும் இந்தப் பகுதி பொருந்தும். ஒற்றைச் சுருள் பிக்அப்புக்கு 250 கிலோஓம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியிலுள்ள மின்தடை), இரட்டைச் சுருள் பிக்அப்பான ஹம்பக்கருக்கு 500. பாட்டின் மதிப்பு குறையக் குறைய உச்ச ஒலிகள் தரைக்கம்பி (கிரவுண்டு வயர்) வழியே வடிந்துவிடும். கூர்மையான ஒற்றைச் சுருளுக்கு அது நல்லது, ஹம்பக்கருக்கு மந்தம். டோன் கெபாசிட்டரை ரேடியோ உதிரிபாகக் கடையில் 473 அல்லது 223 என்று கேளுங்கள், முன்னது 0.047 மைக்ரோஃபாரட், பின்னது 0.022. பழைய பிக்அப்பை மல்டிமீட்டரில் வையுங்கள்: ஒற்றைச் சுருள் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பாட்டின் முதுகில் பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். 40 அல்லது 60 வாட்டில் சட்டென்று முடியுங்கள். குழிகளின் உட்புறம் முழுக்கச் செப்புத் தகடு ஒட்டி, துண்டுகளுக்கிடையே மின்தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்துத் தரைக்கம்பியோடு இணையுங்கள். பிரிட்ஜுக்கு அடியிலும் ஒரு தரைக்கம்பி போக வேண்டும். இரண்டு பிக்அப்பும் சேர்ந்து ஒலிக்கையில் ஒலி மெலிந்து மூக்கால் பாடினால், ஒரு பிக்அப்பின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள். பிக்அப்பின் உலோக மூடியும் அந்த வயர்களில் ஒன்றோடு இணைந்திருந்தால் அந்த இணைப்பை முதலில் பிரித்து, மூடிக்குத் தனித் தரைக்கம்பி கொடுங்கள்.

இன்னொன்று, இதில் விளையாட்டே கூடாது. கிட்டார் கம்பிகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத பிளக்கில் பழுதான ஆம்ப்ளிஃபயரைச் செருகினால் மின்சாரம் உங்கள் விரலுக்கு வரும். கோயில் கொடை, ஊர்த் திருவிழா மேடைகளில் தற்காலிக வயரிங்கை நம்பாதீர்கள். எர்த் இருப்பதைச் சோதித்த பிறகே கம்பியைத் தொடுங்கள்.

கம்பி மாட்டியதும் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்தி, ஏழாம் ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அதிகமிருந்தால் ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று திருகி, ஒருநாள் விட்டு மறுபடி பாருங்கள். பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்தி வாசித்த சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள்: அழுத்தியது கூடியிருந்தால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைந்திருந்தால் முன்னுக்கு இழுங்கள். சாடில் ஆணிகளில் ஒவ்வொரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் உப்பு அவற்றை இறுக்கிவிடும்.