ஆக்ஸ்போர்டுக்குப் புறப்படும் முன் ஒரு நாட்குறிப்பு

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தவர்கள், அக்டோபரில் மிக்கல்மஸ் எனப்படும் முதல் பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே நாட்குறிப்பு எழுதத் தொடங்குவது நல்லது. அங்கே முழுப் பருவம் என்பது 8 வாரங்களே என்பதால், வகுப்பும் வாசிப்பும் கட்டுரைகளும் நெருக்கத் தொடங்கிய பிறகு எழுதும் பழக்கத்தைப் புதிதாக உண்டாக்கிக்கொள்வது மிகவும் கடினம். எந்தக் கேள்விக்கு விடை தேடி இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள், யாருடைய ஆய்வு உங்களை ஈர்த்தது என்பதை முதல் பக்கங்களில் தேதியிட்டு எழுதுங்கள்; மேற்பார்வையாளரை முதன்முறை சந்திக்கும்போது, பேச்சைத் தொடங்க அதுவே கைகொடுக்கும். விசா, கட்டண விவரங்களுக்குத் தனி ஏடு இருக்கட்டும். மாணவராக முறைப்படி சேர்க்கப்படும் மெட்ரிகுலேஷன் விழாவில் கறுப்பு அங்கியுடன் நின்றதையும், பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்துக்குள் நெருப்பைக் கொண்டுவர மாட்டேன் என்று உறுதிமொழி அளித்ததையும் அன்றிரவே எழுதிவிடுங்கள்.