சாய்ந்த வீடியோவை நிமிர்த்தும்போது செய்யக்கூடாதவை

போனில் எடுத்த கிளிப் கணினியில் படுத்துக் கிடந்தால், கையில் கிடைத்த எடிட்டரில் போட்டு, திருப்பி, எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டு மூலக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். புதிதாக இறங்குபவர்கள் இதையே திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

முழு வீடியோவையும் மறுபடி என்கோட் செய்வது (புதிதாகச் சுருக்கி எழுதுவது)

போனின் கேமரா சென்சார் பொதுவாக அகலவாக்கில் பொருத்தப்பட்டிருக்கும். போனைச் செங்குத்தாகப் பிடித்தாலும் கோப்புக்குள் படம் 1920×1080 ஆகவே பதிவாகும். கூடவே ‘காட்டும்போது 90 டிகிரி திருப்பு’ என்றொரு குறிப்பும் ஏறும். படம் சாய்ந்து தெரிகிறதென்றால், பெரும்பாலும் அந்தக் குறிப்பு தவறு, அல்லது பிளேயர் அதைக் கண்டுகொள்ளவில்லை. எது என்று முதலில் பாருங்கள்: கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ‘ரொட்டேஷன்’ என்ற வரியில் கோணம் இருக்கும்.

குறிப்பு தவறென்றால் மாற்ற வேண்டியது சில பைட்டுகள்தான். மறுபடி சுருக்காமலே வீடியோவைத் திருத்தும் லாஸ்லெஸ்கட் மென்பொருளில் கிளிப்பைத் திறந்து, கீழே உள்ள சுழற்சிப் பொத்தானைச் சரியான கோணம் வரும்வரை அழுத்தி, எக்ஸ்போர்ட் கொடுங்கள். படம் மறுபடி சுருக்கப்படாது, தரம் துளியும் குறையாது, சில நொடிகளில் வேலை முடியும். மூலக் கோப்பும் அப்படியே இருக்கும்.

மறுபடி என்கோட் செய்தால் ஏற்கெனவே சுருக்கிய படம் இன்னொரு முறை சுருங்கும். காதுகுத்துக் கிளிப்பை ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றித் திருப்பி இறக்கியவர்களின் கோப்பைப் பார்த்தால் தெரியும்: குழந்தையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும், ஓரத்தில் வாட்டர்மார்க் நிற்கும், எடுத்த தேதிக்குப் பதில் இறக்கிய தேதி இருக்கும். எச்டிஆரில் (ஒளியும் நிறமும் கூடுதல் வீச்சில் பதியும் முறை) எடுத்தது என்றால் நிறமும் வெளுத்துவிடலாம். மூலம் அழிந்திருந்தால் இதில் எதையும் மீட்க முடியாது.

நேராக இருப்பதை இன்னொரு முறை திருப்புவது

பென்டிரைவில் போட்டால் சில டிவிகள் அந்தச் சுழற்சிக் குறிப்பை மதிக்காது, படம் சாயும். இங்கே மட்டும் என்கோட் செய்தே ஆக வேண்டும். ஆனால் என்கோட் செய்யும் மென்பொருள்களான ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் இரண்டும் குறிப்பைத் தாமாகவே படித்துத் திருப்பிவிடும். அதற்கு மேல் நீங்களும் 90 டிகிரி கொடுத்தால் மறுபடி சாய்ந்துவிடும். ஹேண்ட்பிரேக் முன்னோட்டத்தில் படம் நிமிர்ந்து நின்றால் ரொட்டேஷனைத் தொடவே வேண்டாம். டைமென்ஷன்ஸ் பகுதியில் இறுதி அளவு 1080×1920 என்று இருக்கிறதா என மட்டும் சரிபாருங்கள். ஹேண்ட்பிரேக்கில் தர எண் எச்.264 என்ற சுருக்கும் முறைக்கு 18 முதல் 20 வரை போதும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். ஒலியை ஏஏசி பாஸ்த்ரூவில் (மாற்றாமல் அப்படியே நகலெடுப்பது) விடுங்கள்.

விஎல்சி பிளேயரில் திருப்பிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று நினைப்பது

அது திரையில் மட்டும்தான். அமைப்பைச் சேமித்தும் வைத்துவிட்டால், அடுத்து திறக்கும் நல்ல வீடியோவும் சாயும்.

எடிட்டரின் அகலத் திட்டத்துக்குள் (ப்ராஜெக்ட்) செங்குத்துக் கிளிப்பை நிறுத்துவது

1920×1080 திட்டத்தில் நிமிர்த்தினால் படம் ஏறத்தாழ 608 புள்ளி அகலத்துக்குச் சுருங்கி, இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். படத்தின் மூன்றில் இரண்டு பங்கு நுணுக்கம் அங்கேயே போய்விடும். ஷாட்கட் எடிட்டரில் முதலில் செட்டிங்ஸ், வீடியோ மோட் போய் செங்குத்து எச்டியைத் தேர்ந்தெடுங்கள். கிளிப்பைச் சேர்ப்பது அதற்குப் பிறகு.

எடுக்கும்போதே விடும் கோட்டை

போன் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஈர்ப்பு விசையை வைத்துத்தான் கணிக்கிறது. கோலத்தையோ தோசைக்கல்லையோ மேலிருந்து எடுக்கப் போனைத் தரைக்கு இணையாகப் பிடித்தால் அதற்குத் திசை தெரியாது. பதிவு தொடங்கியபின் போனைத் திருப்பினாலும் பலனில்லை, தொடக்கத்தில் எழுதிய குறிப்பே கடைசிவரை நிற்கும். முதலில் போனை நிமிர்த்திப் பிடித்து, திரையிலுள்ள ஐகான்கள் திரும்பியதைப் பார்த்து, பதிவைத் தொடங்கிவிட்டுக் கீழே சாயுங்கள். முதல் இரண்டு நொடியை லாஸ்லெஸ்கட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். கீஃபிரேமில்தான் (இடையிடையே முழுப் படமாகப் பதியும் சட்டகம்) வெட்டு விழும் என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கும்.