பத்து நாளில் குளிசையை விட்டுவிடாதீர்கள்: மனச்சோர்வு மருந்தும் மூளைக் கலங்களின் வாங்கிகளும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ துண்டைக் காட்டி சேர்ட்ரலின், ஃப்ளூஒக்செட்டின் வாங்கிப் போகிறவர்களில் பலர் பத்தாம் நாள் சொல்வது ஒன்றுதான்: "ஒரு வித்தியாசமும் இல்லை, ஓங்காளம்தான் வருது." அதோடு குளிசை அட்டை அலுமாரிக்குள் போய்விடும். இது ஏன் தவறு என்பதைக் கலத்துக்குள் நடப்பது தெரிந்தால் யாரும் விளங்கிக்கொள்ளலாம்.

இந்தக் குளிசைகள், மூளைக் கலங்கள் செய்தி அனுப்ப வெளியே விடும் செரட்டோனின் என்ற இரசாயனத்தைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்திப் புரதத்தை அடைக்கின்றன. முதல் குளிசை போட்ட சில மணி நேரத்திலேயே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. அப்படியென்றால் மனம் தெளிய இரண்டு முதல் ஆறு கிழமை வரை ஏன் ஆகிறது? செரட்டோனினைச் சுரக்கும் கலங்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. அவற்றின் மேலேயே 5எச்டி1ஏ என்ற வாங்கிகள், அதாவது செரட்டோனின் வந்து ஒட்டும் புரதங்கள், உண்டு. சுற்றிலும் செரட்டோனின் கூடினால் இவை அதை உணர்ந்து கலத்தின் வேகத்தைக் குறைத்துவிடும். தொடர்மாடியின் தண்ணீர்த் தாங்கிக்குள் மிதவை ஏறினால் குழாய் மூடுமே, அதே ஏற்பாடு. ஆகவே முதல் நாட்களில் மருந்து செரட்டோனினைக் கூட்டப் பார்க்க, கலம் சுரப்பைக் குறைத்து அதை ஈடுகட்டுகிறது. நாள் தவறாமல் மருந்து போய்க்கொண்டிருந்தால் அந்த வாங்கிகளின் உணர்திறன் மங்கும், கலம் பழைய வேகத்துக்கு வரும். தாமதம் முழுவதற்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பத்தாம் நாளில் மருந்தை விடுகிறவர், இந்த மாற்றம் பாதி வழியில் இருக்கும்போதே விட்டுவிடுகிறார்.

அடுத்தது, உயர்தர உயிரியல் படித்தவர்களுக்கும் வருகிற தவறு. வாங்கி கலமென்சவ்வில் அசையாமல் நிற்பதாகத்தான் வரைந்து பழகியிருக்கிறோம். உண்மையில் அது ஓயாமல் இடம் மாறுகிறது. 5எச்டி1ஏ சேர்ந்த குடும்பத்து வாங்கிகள் பலவற்றில் நடப்பது இது: வாங்கி தூண்டப்பட்டதும் அதன் உட்பக்கத்தில் பொசுபேற்றுக் கூட்டங்கள் சேரும். அங்கே அரெஸ்டின் என்ற புரதம் வந்து பற்றும். கிளாத்திரின் என்ற இன்னொரு புரதம் மென்சவ்வை உள்நோக்கிக் குழிய வைத்து, வாங்கியோடு சேர்த்து ஒரு சின்னப் பையாகப் பிரித்தெடுக்கும். உள்ளே போன வாங்கிகளில் சில மேற்பரப்புக்குத் திரும்பும், சில, கலத்தின் கழிவுகளைச் சிதைக்கும் பையான இலைசோசோமுக்குப் போய்ச் சிதைந்துவிடும்.

சரி, எல்லா வாங்கியும் எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்குமா? இல்லை. எலி மூளையில் 5எச்டி1ஏ வாங்கியைத் தூண்டிப் பார்த்தபோது, செரட்டோனின் கலங்களில் இருந்தவை உள்ளே போயின. நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பசில் இருந்த அதே வாங்கிகள் மேற்பரப்பிலேயே நின்றன. இன்னொன்று, வாங்கி மேற்பரப்பில் இருந்துகொண்டே சமிக்ஞை மங்குவதும் உண்டு. "உணர்திறன் குறைந்தது" என்பதை "உள்ளே போய்விட்டது" என்று எழுதினால் பிழை. தூண்டினால் வாங்கி குறையும், தடுத்தால் கூடும் என்ற சூத்திரத்தையும் நம்ப வேண்டாம். மியன்செரின் என்ற மனச்சோர்வு மருந்து, 5எச்டி2ஏ என்ற இன்னொரு செரட்டோனின் வாங்கியைத் தடுக்கும். அதைத் தொடர்ந்து கொடுத்தால் அந்த வாங்கிகள் குறைகின்றன.

வாங்கி குறைகிறது என்று கேட்டதும் மூளை பழுதாகிறது என்று பயப்படுவதும் தவறு. 1975இலேயே வெட்டுலானி, சல்சர் என்ற ஆய்வாளர்கள், மனச்சோர்வு மருந்தைத் தொடர்ந்து கொடுத்த எலிகளின் மூளையில் நோரட்ரினலின் என்ற இன்னொரு செய்தி இரசாயனத்துக்கான பதில் குறைவதைக் காட்டினார்கள். கலம் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வழி இது. மருந்து பலன் தருவதில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்ற சிந்தனை அங்கிருந்துதான் வலுத்தது.

எல்லாவற்றையும் செரட்டோனின் குறைவு என்ற ஒரே கணக்கில் முடிக்கவும் கூடாது. 2021இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள், ஃப்ளூஒக்செட்டின், பழைய மனச்சோர்வு மருந்தான இமிப்பிரமின், மயக்க மருந்தாகவும் பயன்படும் கெட்டமின் ஆகியவை டிரக்பி என்ற, நரம்புக் கல வளர்ச்சிக் காரணிக்கான வாங்கியில் நேரடியாக ஒட்டுவதாக அறிவித்தார்கள். கெட்டமின் சில மணி நேரத்தில் பலன் தருவதில், குளுட்டமேற்று என்ற செய்தி இரசாயனத்தை ஏற்கும் ஆம்பா வாங்கிகள் நரம்பு இணைப்புகளின் மேற்பரப்பில் கூடுவதற்குப் பங்கு இருப்பதாகக் கருதப்படுகிறது. இவற்றில் பெரும்பகுதி எலியிலும் வளர்ப்புக் கலங்களிலும் கண்டவை, ஒரு மனிதருக்கு எந்தக் குளிசை பொருந்தும் என்று இவை சொல்லாது.

இனி வீட்டில் நடப்பவை. பலன் காணவில்லை என்று தானாகவே இரண்டு குளிசை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழக்கமான குறைந்த அளவிலேயே கடத்திப் புரதத்தில் ஏறத்தாழ 80 வீதம் அடைபட்டுவிடுகிறது. அதற்குமேல் அளவைக் கூட்டினாலும் அடைப்பு கொஞ்சம்தான் கூடும், பக்கவிளைவு அப்படி நிற்காது. அளவைக் கூட்ட வைத்தியருக்குக் காரணம் இருக்கலாம், ஆனால் அந்த முடிவை அவர்தான் எடுக்க வேண்டும். கனடாவிலிருந்து வந்த மாமி தன் குளிசையை "இதைப் போட்டுப் பார், பிள்ளை" என்று கொடுப்பதும் நம்மிடம் சாதாரணம். அன்பாகத்தான் கொடுக்கிறார், தயவுசெய்து வாங்காதீர்கள்.

சுகமாகிவிட்டது என்று சட்டென்று நிறுத்துவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. உடலில் மருந்தின் அளவு இறங்கியதும் கடத்திப் புரதம் உடனே திறந்துகொள்ளும். கிழமைக்கணக்கில் இசைந்துபோன வாங்கிகள் அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. தலைச்சுற்று, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த உணர்வு எல்லாம் வரலாம். உடலைவிட்டு விரைவில் நீங்கும் பரொக்செட்டின், வென்லஃபக்சின் ஆகியவற்றில் இது கூடுதல். ஃப்ளூஒக்செட்டின் நீண்ட நாள் தங்குவதால் அதில் குறைவு. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டின்போது பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது நிறுத்துவதானால் வைத்தியரோடு கதைத்து, படிப்படியாகக் குறைக்கலாம்.

25 வயதுக்குக் குறைந்தவர் வீட்டில் மருந்து தொடங்கியிருந்தால் முதல் கிழமைகளில் கூடவே இருங்கள். சிலருக்கு அந்த நாட்களில் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம். நித்திரை குழம்பினாலோ பேச்சு மாறினாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926.