ஒற்றைக் கை ராடில் ஸ்பே காஸ்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் பல இடங்களில் கரை செங்குத்தாக இருக்கும், முதுகை ஒட்டி மரங்கள் நிற்கும். ஃபிளை மீன்பிடிப்பில் (பூச்சி போலக் கட்டிய லேசான கொக்கியை, லைனின் எடையால் வீசும் முறை) வழக்கம்போல லைனைப் பின்னால் நீட்டி வீச அங்கே வழியில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சால்மன் பிடித்தவர்கள் உருவாக்கிய வீச்சுதான் ஸ்பே காஸ்ட். லைனின் நுனி தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும், அதுதான் ஆங்கர். மீதி லைன் ராடுக்கு (தூண்டில் கம்புக்கு) பின்னால் ஆங்கில 'டி' எழுத்து போல வளைந்து நிற்கும். அந்த வளைவின் எடைதான் ராடை வளைக்கிறது. அன்று நீளமான இரட்டைக் கை ராடுகளில் செய்தார்கள். இன்று 9 அடி, 5 அல்லது 6 எண் (ராடுக்கு ஏற்ற லைனின் எடையைச் சொல்லும் எண்) ஒற்றைக் கை ராடிலும் தாராளமாகச் செய்யலாம்.

லைன் சரியாகப் போகாவிட்டால் பலரும் முன் வீச்சில் இன்னும் பலத்தைக் கூட்டுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ராட் நுனியை உயரத்தில் வைத்தபடி ஆரம்பிக்காதீர்கள். தொங்கும் லைனை இழுத்து நிமிர்த்துவதிலேயே பாதி அசைவு வீணாகிவிடும். நுனி தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருக்கட்டும். அப்புறம் ராடைச் சுற்றிப் பின்னால் கொண்டுவரும்போது, நுனி நடுவழியில் இறங்கவே கூடாது. ஒரு சாண் இறங்கினாலும் லைன் தொய்ந்து தண்ணீரில் குவியும், டி வளைவு செத்துவிடும். நுனி சீராக மேலேறிக்கொண்டே வரவேண்டும்.

ஆங்கரைக் காதால் சோதிக்கலாம். முன் வீச்சில் 'சர்ர்' என்று தண்ணீர் கிழிபடும் சத்தம் வந்தால், லைன் அளவுக்கு மீறிக் கிடக்கிறது, அல்லது நீங்கள் நின்று யோசித்ததில் அது மூழ்கிவிட்டது. பின்னால் 'டப்' என்று சவுக்கடி கேட்டால் ஆங்கர் பிடிக்கவேயில்லை: சுழற்றிய வேகம் அதிகம், அல்லது லீடர் (லைன் நுனியையும் கொக்கியையும் இணைக்கும் மெல்லிய நரம்பு) குட்டை. லீடர் 9 அடிக்குக் குறைய வேண்டாம். ஆங்கர் உங்கள் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒரு ராட் நீளம் தள்ளி, வீசப்போகும் திசையைப் பார்த்துக் கிடக்க வேண்டும். குறுக்கே கிடந்தால் லைன் தன்மேலேயே மோதிச் சிக்கும்.

காற்றை மட்டும் அலட்சியப்படுத்தவே கூடாது. ஆங்கர் எப்போதும் காற்று போகிற பக்கம் விழவேண்டும். காற்று ஆற்றோட்டத்தோடு அடித்தால், ஆங்கர் ஓட்டம் போகும் பக்கம் விழும் வீச்சுகள்: டபுள் ஸ்பே அல்லது ஸ்னேக் ரோல். ஓட்டத்தை எதிர்த்து அடித்தால், ஆங்கர் ஓட்டம் வரும் பக்கம் விழும் வீச்சுகள்: சிங்கிள் ஸ்பே அல்லது ஸ்னாப்-டி. மாற்றிச் செய்தால் கொக்கி முகத்துக்கு வரும். கண்ணாடி இல்லாமல் ஆற்றில் இறங்காதீர்கள்.

இடது கையைச் சும்மா விடுவதும் தவறுதான். முன் வீச்சின் கடைசி நொடியில் லைனை வெடுக்கென்று ஒரு சின்ன இழு இழுத்தால் வேகம் நன்றாகக் கூடும். ஒற்றைக் கை ராடுக்கே உரிய வசதி இது.

பழகுவதற்குப் புல்வெளி சரிப்படாது, அங்கே ஆங்கருக்குப் பிடிமானம் கிடைக்காது. குளத்தில் ரோல் காஸ்ட் (லைனைப் பின்னால் நீட்டாமல் தண்ணீர்மேல் உருட்டி வீசும் எளிய வீச்சு) பழகுங்கள்; டபுள் ஸ்பேக்கு ஓடும் தண்ணீர் நல்லது. கொக்கிக்குப் பதில் சிறு கம்பளி நூல் துண்டு கட்டிக்கொண்டால் போதும்.